நிழற்படமும் நிலத்தின் மூலபாடமும்: பைன்ஹர்ஸ்ட் கோல்ப் களம் பற்றிய ஓர் ஆய்வு

மூலபாடம் காணும் முயற்சி ஏட்டுச்சுவடிகளுக்கே உரியது என்பது நம்மிடையே வழங்கும் கருத்து. ஒரு நூலின் படிகள் பலவாகி, படியெடுத்தோரின் பிழையும் திருத்தமும் இடைச்செருகலும் அதனுட் புகுந்துவிட்ட நிலையில், ஆசிரியர் எழுதியது யாது என ஆராய்ந்து துணிதல் பதிப்பாசிரியரது கடமையாகும். ஆனால் எழுத்தாலன்றி, மண்ணாலும் புல்லாலும் மணலாலும் இயற்றப்பட்ட படைப்புகளும் உள. அவையும் காலப்போக்கில் பிறர் கைபட்டு மாறுகின்றன. அவற்றின் மூலவடிவைக் காண முற்படுவோர்க்கு நேரும் இடர்ப்பாடுகள் நம் பதிப்பாசிரியர்கள் கண்டவற்றைப் பெரிதும் ஒத்துள்ளன. அமெரிக்க நாட்டு வட கரோலினா மாநிலத்தில், பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலுள்ள இரண்டாம் எண் கோல்ப் களம் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் பழைய நிழற்படங்களின் துணைகொண்டு மீட்டமைக்கப்பட்டது. அவ்வரலாற்றின்வழி, நிழற்படம் எவ்வளவிற்குச் சான்றாகும், எவ்விடத்தில் அதன் சான்று நின்றுவிடும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்களை முதற்கண் விளக்குதல் வேண்டும். கோல்ப் களத்தில் பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியே ஒரு தொடக்க இடம் உளது; அங்கிருந்து பந்தைக் கோலால் அடித்துச் சென்று, மிகக் குறைந்த அடிகளில் குழியில் வீழ்த்துவதே ஆட்டம். இடைப்பட்ட நீண்ட புல்வழி 'பேர்வே' எனப்படும். குழியைச் சூழ, புல்லை மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் தரை 'கிரீன்' எனப்படும். வழியிலும் கிரீனின் மருங்கிலும் ஆடுவோனை இடர்ப்படுத்தும் மணற்பள்ளங்கள் 'பங்கர்' எனப்படும். பேர்வேயின் இருபுறமும் வெட்டாது வளரவிடும் அடர்புல் 'ரப்' ஆகும்.

இவற்றைக் கொண்டு களம் வகுப்போன் செய்வது வெறும் அலங்காரம் அன்று. பேர்வே அகலமாக இருப்பின், எப்பக்கத்தில் பந்தைச் செலுத்துவது என்னும் தெரிவு ஆடுவோன்பாற்படுகிறது. பங்கரை ஒட்டிய இடர்மிக்க பக்கத்திலிருந்து கிரீனை அணுகுதல் எளிதாகும். இடரற்ற பக்கத்திலிருந்து அணுகுதல் அரிதாகும். அகலம் குறைந்தவிடத்து அத்தெரிவு மறைந்து, நேராக அடித்தல் ஒன்றே எஞ்சுகிறது. ஆகவே ஒரு களத்தின் பேர்வே பழைய நாளில் எத்துணை அகலமாக இருந்தது என்னும் வினா, அளவு பற்றிய வினா மட்டும் அன்று. அப்படைப்பின் பொருள் பற்றிய வினாவும் ஆகும்.

பைன்ஹர்ஸ்ட் 1895 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துச் செல்வர் ஜேம்ஸ் வாக்கர் டப்ட்ஸ் என்பவரால் நிறுவப்பட்ட ஓய்வூர். நீளிலைப் பைன் மரங்களும், 'வயர்கிராஸ்' எனப்படும் கம்பிபோன்ற புல்லும் இயல்பாக வளரும் மணற்பாங்கான நிலம் அது. டொனால்டு ராஸ் 1872 இல் ஸ்காட்லாந்தின் டார்னாக் என்னும் கடலோர ஊரிற் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பழைய டாம் மாரிஸிடம் தொழில் பயின்றவர். 1899 இல் அமெரிக்கா சென்ற அவர், அடுத்த ஆண்டே பைன்ஹர்ஸ்டில் பணி ஏற்றார். இரண்டாம் எண் களம் 1907 இல் பதினெட்டுக் குழிகளோடு நிறைவுற்றது. ஏறத்தாழ நானூறு களங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. எனினும், பிற களங்களை வகுத்துக் கொடுத்துவிட்டு நீங்கிய அவர், இக்களத்தின் அருகிலேயே வீடு கட்டிக்கொண்டு 1948 இல் மறையும்வரை அதனைத் திருத்திக்கொண்டேயிருந்தார்.

இங்கேதான் முதற்சிக்கல் தோன்றுகிறது. 'மூலவடிவு' என்று நாம் கூறுவது எந்த ஆண்டின் வடிவு? 1907 ஆம் ஆண்டின் களத்தில் இன்று நாம் காண்பதுபோன்ற புற்கிரீன்கள் இல்லை. மணலும் களிமண்ணும் கலந்து சமன்செய்த தட்டையான தரைகளே கிரீன்களாக இருந்தன. அந்நாளில் அத்தென்னிலத்துத் தட்பவெப்பத்தில் நல்ல புற்றரையைக் கிரீனில் வளர்த்தல் கைகூடவில்லை. 1935 அளவில்தான் அவை புற்கிரீன்களாக மாற்றப்பட்டன. 1936 இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பி.ஜி.ஏ. வாகைப்போட்டி அங்கே நடைபெற்றது. குழிகள் சிலவற்றின் அமைப்பும் இடைக்காலத்தில் மாறியது. எனவே, காலத்தால் முந்தியதே மூலம் என்று கொள்வோமாயின், புல்லற்ற மணற்கிரீன்களுக்கே திரும்பிச் செல்ல நேரும். அதனை விரும்பியவர் எவரும் இலர்.

ஆசிரியர் தம் வாழ்நாளிலேயே தம் நூலைப் பலமுறை திருத்தி வெளியிட்டிருப்பின், முதற்பதிப்பைக் கொள்வதா, அவர் கைபட்ட இறுதிப் பதிப்பைக் கொள்வதா என்னும் வழக்கு நாம் அறிந்ததே. பைன்ஹர்ஸ்டில் மீட்டமைத்தோர் இறுதிப் பதிப்பையே கொண்டனர். அதாவது புற்கிரீன்கள் அமைந்த பின்னர், ராஸ் உயிரோடிருந்த 1935 முதல் 1948 வரையான காலத்தின் வடிவை இலக்காகக் கொண்டனர். இத்துணிவு நிழற்படங்களைப் பார்த்தபின் எழவேண்டுவது அன்று, பார்க்குமுன்னரே எழவேண்டுவது. கையிற் கிடைத்த படம் எந்த ஆண்டினதோ அந்த ஆண்டையே மூலம் என்று கொள்ளும் வழு, இத்துறையில் எளிதாக நேர்வதாகும்.

ராஸ் மறைந்தபின் களத்தின் தோற்றம் மெல்ல மாறியது. 1970 களில் மணலும் வயர்கிராஸும் இருந்த ஓரங்களில் பெர்முடாப் புல் பரப்பப்பட்டது. பேர்வேக்கள் குறுகின. நீர்தூவிகள் பெருகிப் பெருகி, மீட்டமைப்புக்கு முன் ஏறத்தாழ 1,150 ஆயின. 1999, 2005 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அமெரிக்க ஓபன் போட்டிகளில், ஒரு மருங்கிலிருந்து மறு மருங்குவரை பசுமை மாறாத களமாகவே அது உலகினருக்குக் காட்சியளித்தது. அப்பசுமையே ராஸின் படைப்பு என்று பலரும் கருதியதில் வியப்பில்லை. இடைச்செருகல் நெடுநாள் நின்றால் அதுவே பாடமாகிவிடும்.

2010 இல் பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவரிடம் களத்தை மீட்டமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. இவருள் கிரென்ஷா 1984 இலும் 1995 இலும் மாஸ்டர்ஸ் போட்டியில் வாகை சூடியவர். கோல்ப் வரலாற்றில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். கூர் அம்மாநிலத்திலேயே பிறந்து, இளமையில் அக்களத்தில் ஆடிப் பழகியவர். அவர் நினைவு செவிவழிச் செய்திக்கு ஒப்பான ஒரு சான்றாயிற்று. ஆயினும் நினைவைக்கொண்டு நிலத்தை அகழ்தல் ஆகாது. அவர்களுக்குப் பெருந்துணையாக வாய்த்தது, 1943 ஆம் ஆண்டின் இறுதியில் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படமேயாகும். இதனோடு, அவ்வூரின் டப்ட்ஸ் ஆவணக்காப்பகத்திற் பேணப்படும் தரைநிலைப் படங்களும் வரைபடங்களும் ஒப்புநோக்குதற்கு உதவின.

வானூர்திப் படத்தின் சிறப்பு, அது எதனையும் தெரிந்தெடுப்பதில்லை என்பதாகும். தரையில் நின்று எடுப்பவன் அழகிய இடத்தை நாடுவான். ஓய்வூரின் விளம்பரத்துக்காக எடுத்த படமாயின் சொல்லவேண்டுவதில்லை: பங்கர் புதிதாகச் செப்பனிடப்பட்ட நாளில், நிழல் நன்கு விழும் வேளையில், விருந்தினர் உடையழகு தோன்ற எடுக்கப்பட்டிருக்கும். செங்குத்தாக மேலிருந்து எடுத்த படமோ புறக்கணிக்கப்பட்ட ஓரத்தையும் போற்றப்பட்ட நடுவையும் ஒரே தரத்திற் காட்டும். அதனாலேயே அதன் சான்று வலிமையுடையது.

ஆனால் அதனைப் படித்தல் எளிதன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை 1930 களிலிருந்து நாடெங்கும் எடுப்பித்த வானூர்திப் படங்கள் பெரும்பாலும் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவின. கோல்ப் களங்களை ஆராய்வோர் பெரிதும் நாடுவன அவை. அவ்வளவில், 40 மீட்டர் அகலமுள்ள பேர்வே படத்தில் 2 மில்லிமீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள பங்கர் அரை மில்லிமீட்டர். கூரிய பென்சிற் கோட்டின் பருமனே ஒரு பங்கரின் விளிம்பை ஓரிரு கஜம் தள்ளிவிடப் போதும். வானூர்தி சிறிது சாய்ந்திருப்பினும் படத்தின் ஒரு புறம் விரிந்து மறுபுறம் சுருங்கும். ஆதலின் படத்திலும் நிலத்திலும் மாறாதுள்ள பொருள்களை, அதாவது சாலைச் சந்தி, கட்டட மூலை, இருப்புப்பாதை போன்றவற்றை, முதலில் கண்டு அவற்றோடு பொருத்தியே பிறவற்றை அளத்தல் வேண்டும். மரம் இதற்கு உதவாது; அறுபது எழுபது ஆண்டுகளில் மரம் வளர்ந்திருக்கும், அல்லது வீழ்ந்திருக்கும்.

உயரத்தைப் பற்றி ஒற்றைப் படம் நேரே ஒன்றும் கூறாது, நிழல் கூறும். பைன்ஹர்ஸ்ட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 35 பாகை அளவில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் ஞாயிறு அங்கே 31 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். அப்பொழுது சமதரையில் 10 அடி உயரமுள்ள பொருளின் நிழல் 16 அடிக்கு மேல் நீளும். கோடை நண்பகலிற் காணமுடியாத மேடுபள்ளங்கள் இதனாற் குளிர்காலப் படத்தில் புலப்படும். இது நலம். தீங்கும் உண்டு: பெர்முடாப் புல் குளிர்காலத்தில் பசுமை நீங்கி வைக்கோல் நிறம் கொள்ளும். கருவெள்ளைப் படத்தில் அந்நிறமும் மணலின் நிறமும் அணுகி நிற்கும். வெளிறித் தோன்றும் ஓரம் உலர்ந்த புல்லா, திறந்த மணலா எனத் துணிவதற்கு, அவ்விடத்தின் தரைநிலைப் படம் ஒன்றேனும் வேண்டும். ஒரு படத்தின் ஐயத்தை வேறுவகைப் படமே அறுக்கும். அதேவகைப் படங்கள் நூறு இருப்பினும் அறுக்கா. ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய சுவடிகள் பல கிடைப்பினும் அவை ஒரு சான்றேயாதல் போன்றது இது.

தரைநிலைப் படங்களிலும் வழுக்கள் பல. குறிப்புரையில் குழியின் எண் மாறியிருத்தல் உண்டு. கண்ணாடித் தகட்டைப் புறம்புரட்டி அச்சிட்டமையால் இடம் வலமாய்ப் போதலும் உண்டு. இடப்பக்கத்துப் பங்கரை வலப்பக்கத்தில் வெட்டிவிட்டால் குழியின் கருத்தே தலைகீழாகும். ஆடுவோன் இடக்கையனாகத் தோன்றின் ஐயுறல் வேண்டும். இடக்கையரும் உலகில் உண்டு என்பதனால், ஆடவரது சட்டைப் பொத்தான் எப்பக்கத்தில் உள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். பலகையில் எழுத்து ஏதேனும் இருப்பின் ஆராய்ச்சியாளன் நற்பேறுடையவன். காலம் அறிதற்கு உடையும் மோட்டார் வண்டியும் துணைசெய்யும். இத்தகைய சிறு பொருள்களைக்கொண்டு காலம் துணிவது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். எழுத்தின் வடிவைக்கொண்டு கல்வெட்டின் காலத்தைத் துணிவார் நகையார்.

நம் நாட்டிலும் இவ்வகைச் சான்று இல்லாமல் இல்லை. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858 இல் தஞ்சையிலும் மதுரையிலும் எடுத்த படங்கள் உள்ளன. தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளைத் தொடர்படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி நெடிய சுருளாகவே அவர் அமைத்தார். அவற்றைக் கையாள்வோரும் மேற்கூறிய வினாக்களையே எழுப்புதல் வேண்டும்.

பைன்ஹர்ஸ்டுக்கு மீள்வோம். 1943 ஆம் ஆண்டின் படம் பேர்வேக்கள் அகன்றிருந்தன என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அவற்றின் ஓரங்கள் நேர்கோடாக இன்றி, வளைந்தும் நெளிந்தும் மணலோடு கலந்து மறைந்தன என்பதையும் காட்டிற்று. ஆயின் அவ்வகன்ற வழியை இன்றைய நிலத்தில் எவ்விடத்திற் கிடத்துவது? அளவுப்பிழை சில கஜங்களாயினும், ஒருபுறம் விரியவேண்டிய வழி மறுபுறம் விரிந்துவிடும். பிற நிலங்களில் மண்ணைத் துளையிட்டு, புதைந்த பங்கரின் மணற்படிவைக் கண்டு இடம் துணிதல் உண்டு. பைன்ஹர்ஸ்டின் நிலமே மணலாதலின் அவ்வழி அங்கே பெரிதும் பயன்படாது.

வேறொரு சான்று மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ராஸின் காலத்தில் பேர்வேயின் நடுவே ஒற்றை வரிசையாக நீர்க்குழாய் பதிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் குழாய் வரிசைகள் பல சேர்ந்தும், அப்பழைய குழாய் அகற்றப்படாமல் மண்ணிற் புதைந்து கிடந்தது. அதனைக் கண்டறிந்தபோது, ஒவ்வொரு பேர்வேயின் பழைய நடுக்கோடு ஐயத்துக்கிடமின்றிப் புலனாயிற்று. அக்குழாயிலிருந்து இருமருங்கும் நீர் எவ்வளவு தொலைவு தெறிக்குமோ அவ்வளவே பசும்புல் வளர்ந்திருக்கும். அதற்கப்பால் ஈரம் குறையக் குறையப் புல்லும் குறைந்து மணலாயிருக்கும். படத்திற் கண்ட நெளிந்த ஓரங்களுக்குக் காரணமும் இதனால் விளங்கிற்று. படம் அகலத்தைக் கூறியது. குழாய் நடுவைக் கூறியது. இரண்டும் தம்முள் தொடர்பற்ற சான்றுகள், இரண்டும் ஒத்தன. இவ்வொப்புமையே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை என்பது எம் கருத்து. படம் மட்டும் கிடைத்திருப்பின் அழகியதோர் ஊகமே எஞ்சியிருக்கும்.

இதன்மேற் பணி விரைந்து நடந்தது. 35 முதல் 40 ஏக்கர் வரை பரவியிருந்த புற்றரை அகற்றப்பட்டது. அவ்விடங்கள் மணலும் பைன் சருகுமாக விடப்பட்டு, வயர்கிராஸ் நாற்றுகள் பெருந்தொகையாக நடப்பட்டன. நீர்தூவிகள் ஏறத்தாழ 450 ஆகக் குறைந்தன. 2011 இல் களம் மீண்டும் திறக்கப்பட்டது. 2014 இல் ஆடவர், மகளிர் ஆகிய இருபாலரது அமெரிக்க ஓபன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தபோது, பசுமையையே எதிர்நோக்கியிருந்த பலர் பழுப்பு நிற ஓரங்களைக் கண்டு குறைகூறினர். 2024 இல் ஆடவர் போட்டி மீண்டும் அங்கே நடைபெற்றது.

இவ்விடத்து ஒன்றைக் கூறாமல் விடலாகாது. பதிப்பாசிரியர் பிழையான பாடத்தைக் கொண்டாலும் சுவடி அழிவதில்லை. அவருக்குப் பின் வருவோர் அச்சுவடியையே மீண்டும் நோக்கித் திருத்தலாம். நிலத்தில் அவ்வாறன்று. தவறான இடத்தில் வெட்டிய பங்கர், அங்கே புதைந்திருந்த பழைய சான்றையும் சேர்த்தே அகழ்ந்துவிடும். அதற்குப் பின்வரும் ஆராய்ச்சியாளன் காண்பது முன்னவனது ஊகத்தையேயன்றி நிலத்தையன்று. நிலமாகிய சுவடியின்மேலேயே நிலத்தின் பதிப்பும் எழுதப்படுகிறது. ஆதலின் இத்துறையில் ஐயம் தோன்றியவிடத்துக் கை வையாதிருத்தல் கோழைமை ஆகாது.

இதற்கு நேர்மாறான நிலையும் ஒன்று உண்டு. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சார்லஸ் பிளேர் மக்டொனால்டு வகுத்த லைடோ களம் 1917 இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் கன கஜம் மணலைக் கொட்டி எழுப்பிய பெருங்களம் அது. இரண்டாம் உலகப்போரில் கடற்படையினர் கைக்கொண்டபின் அது முற்றும் அழிந்தது. அங்கே தோண்டிக் காண்பதற்கு ஏதும் இல்லை. கோல்பில் ஆர்வமுடைய ஒருவர் பழைய படங்களையும் குறிப்புகளையும் தொகுத்துக் கணிப்பொறியில் அக்களத்தை உருவாக்கினார். அவ்வுருவை அடியாகக்கொண்டு டாம் டோக் என்னும் வகுப்பாளர் விஸ்கான்சின் மாநிலத்தில் அதனை மண்ணிற் கட்ட, 2023 இல் அது திறக்கப்பட்டது. மூலத்தின் அருகே அலைவீசிய கடல் விஸ்கான்சினில் இல்லை. ஆயினும், சுவடி முற்றும் அழிந்துபோன நூலை மேற்கோள்களிலிருந்து திரட்டித் தருவதுபோன்ற முயற்சி அது. தன்னைப் படியென்றே அறிவித்துக்கொள்வதனால் எவரையும் மயக்குவதில்லை. பழைய நிலத்தின்மேலேயே நிற்கும் பைன்ஹர்ஸ்டுக்கு அவ்வுரிமை இல்லை.

இறுதியாகக் கிரீன்களைப் பற்றி ஒரு சொல். பைன்ஹர்ஸ்டின் கிரீன்கள் ஆமையோடுபோல் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தவை. பந்தை நாற்புறமும் உருட்டித் தள்ளுபவை. அக்களத்தின் புகழுக்குக் காரணமானவை. அவ்வுயர்ச்சி முழுதும் ராஸ் வகுத்ததே என்பார் ஒரு சாரார். ஆண்டுதோறும் புல்லின்மேல் தூவிய மணல் படிப்படியாகச் சேர்ந்து உயர்த்தியது என்பார் மற்றொரு சாரார். சில அங்குல உயரத்தை வானூர்திப் படத்தின் நிழல் காட்டாது. தரைநிலைப் படமோ கிரீனின் முகத்தைக் காட்டுமேயன்றி முதுகைக் காட்டாது. கூரும் கிரென்ஷாவும் பதினைந்தாம் குழியிலும் பதினேழாம் குழியிலும் கிரீன்களைச் சிறிதளவு திருத்தினர். ஏனைய பதினாறிலும் மண்வெட்டியை வைத்திலர்.